நாற்றுக்கு முன் நீர்வழி: அலையாத்தி மீட்பும் இறால் குளங்களும்

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் 1911 முதல் பல பத்தாண்டுகள் முறைவைத்து மரம் வெட்டினார்கள். காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறில் நிற்கும் மரம் முழுவதையும் வெட்டி விற்றபின் அடுத்த கூறுக்குப் போவார்கள். எல்லாக் கூறுகளையும் முடித்துவிட்டு முதல் கூறுக்குத் திரும்புவதற்குள் காடு தானே முளைத்து நிறைந்திருக்கும் என்பது வனத்துறையின் நம்பிக்கை. கழிகளின் ஓரங்களில் அப்படித்தான் நடந்தது. உள்ளே நடக்கவில்லை. வெட்டிய இடங்களின் நடுப்பகுதி உப்புப் பூத்த வெறும் திடலாகவே கிடந்தது. ஆடுமாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் காட்டை வளரவிடாமல் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்தது.

1990-களில் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அங்கே மண்ணின் மட்டத்தையும் உப்பின் அளவையும் அளந்தார்கள். காரணம் வேறு இடத்தில் இருந்தது. அலையாத்திச் சேறு நீர் நிறைந்த மண். நிழல் தந்த மரங்கள் ஒரேயடியாகப் போனதும் வெயில் நேராக விழுந்து ஈரம் வற்றியது. மண் சுருங்கி அமிழ்ந்தது. ஓரம் மேடாகவும் நடு தாழ்வாகவும் நிலத்தின் வடிவமே மாறிவிட்டது. ஓதம் ஏறும்போது கடல்நீர் அந்தத் தாழ்வுக்குள் வரும். வற்றும்போது திரும்பிப் போக வழியில்லை. தேங்கிய நீர் வெயிலில் காய்ந்து உப்பு மிஞ்சும். அடுத்த பெரிய ஓதத்தில் அதன்மேல் இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். உப்பைத் தாங்குவதில் மற்ற அலையாத்திகளை மிஞ்சிய வெண்கண்டலே முளைக்க முடியாத மண்ணாக அது ஆனது.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாக இருந்தது. திடலின் குறுக்கே ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி அதைக் கழியோடு இணைத்தார்கள். அதன் இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் பிரிந்தன. மேலிருந்து பார்த்தால் மீன் முள் வடிவம்; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓதம் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் கரைகளின் சரிவில், ஓதநீர் தொட்டுவிட்டுப் போகும் மட்டத்தில் நாற்றுகளை நட்டார்கள். வெறும் திடலாகக் கிடந்த இடங்கள் சில ஆண்டுகளில் பச்சையாயின. முத்துப்பேட்டைக் காட்டிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. அங்கே மீனவர்கள் தலைமுறைகளாகக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடித்து வந்தவர்கள் என்பதால், நீர் ஓடும் இடத்தில் மரம் தழைக்கும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது.

இந்தப் பழைய வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலையாத்திக் காட்டை மரங்களின் தொகுப்பாக எண்ணுகிறவர், அழிந்த இடத்தில் நாற்று நட்டால் காடு திரும்பிவிடும் என்று நினைப்பார். பிச்சாவரம் காட்டியது அதுவல்ல. ஓதமும் ஆற்றுநீரும் தடையின்றி வந்துபோகும் நிலத்தில்தான் அந்தக் காடு இருக்கும். அந்தப் போக்குவரத்து நின்றால் மரம் தானாகப் போய்விடும். கடலோர இறால் குளம் செய்வதும் இதைத்தான்: நீர் வந்துபோகும் வழியின் குறுக்கே மண்கரை எழுப்புகிறது. கோடரி விழாமலேயே ஒரு காட்டை வற்றவைக்க அது போதும். ஆகவே அலையாத்தி மீட்பைப் பற்றிய பேச்சு நாற்றுகளின் எண்ணிக்கையில் தொடங்கக் கூடாது. குளக்கரை எந்த நிலத்தில் நிற்கிறது, அந்த நிலம் யார் கையில் இருக்கிறது, அந்தக் கரையை உடைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்விகளில் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டின் அலையாத்தி மிகக் கொஞ்சம். இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி நாடு முழுவதும் 4,992 சதுர கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டின் பங்கு அதில் சுமார் 45 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பகுதி காவிரிப் படுகையில் இரண்டே இடங்களில் இருக்கிறது. ஒன்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிள்ளையை ஒட்டிய பிச்சாவரம். 2022-இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மற்றொன்று, பாமணியாறும் கோரையாறும் அவற்றின் கிளைகளும் வந்து கலக்கும் முத்துப்பேட்டைக் காயலைச் சுற்றிய காடு. பிச்சாவரத்தில் சுரபுன்னை, கண்டல், தில்லை என்று பலவகை மரங்கள் கலந்து நிற்கும். முத்துப்பேட்டையில் வெண்கண்டலே எங்கும்.

இந்த மரங்களுக்கு இடம் சார்ந்த கண்டிப்பு அதிகம். 1928-இல் மலாயாவின் காடுகளை ஆராய்ந்த வாட்சன் என்ற வனத்துறை அதிகாரி, மாதத்தில் எத்தனை முறை ஓதநீர் நிலத்தை மூடுகிறது என்பதைக் கொண்டு அலையாத்தி மண்டலங்களைப் பிரித்தார். எல்லா ஓதத்திலும் மூழ்கும் தாழ்நிலத்தில் மரங்கள் மிகக் குறைவு. பெரும்பாலான இனங்கள் நடுமட்டத்திலும் அதற்கு மேலும் வளர்கின்றன. நிலப்பக்கத்து விளிம்பில், பெரிய ஓதம் மட்டும் எட்டும் இடத்தில், தில்லை போன்ற மரங்கள் நிற்கும். சிதம்பரம் கோயிலின் தலமரம் அந்தத் தில்லைதான்.

இறால் குளத்துக்கு ஏற்ற நிலமும் அந்த மேல்விளிம்பே. மட்டமான களிமண், பக்கத்திலேயே உப்புநீர்க் கழி, பம்பு வைத்து இறைக்கக் குறைந்த செலவு, கரை உடைந்துபோகாத அளவு உயரம். தமிழ்நாட்டில் பண்ணைகள் பெருமளவில் எடுத்துக்கொண்டவை காப்புக்காட்டு நிலங்கள் அல்ல. கடைமடை வயல்கள், உப்பளத்தை ஒட்டிய தரிசு, கழியோரப் புறம்போக்கு ஆகியவை. ‘நாங்கள் ஒரு மரத்தையும் வெட்டவில்லை’ என்று பண்ணைக்காரர்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் கடல்மட்டம் உயரும்போது காடு பின்வாங்கி ஏற வேண்டிய நிலம் அது. மழைக்காலத்தில் நன்னீர் காட்டுக்குள் வடியும் பாதையும் அதுவே. முன்னால் கடல், பின்னால் குளக்கரை என்று காடு இடுக்கில் மாட்டிக்கொள்கிறது.

மற்ற நாடுகளில் இவ்வளவு நயம்கூட இல்லை. வங்கதேசத்தின் தென்கிழக்கில், மாதாமுகுரி ஆற்றின் கழிமுகத்தில், சகரியா சுந்தரவனம் என்ற காடு இருந்தது. ஏறக்குறைய 8,500 ஹெக்டேர். 1903-லேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அரசே அதை இறால் வளர்ப்புக்குக் குத்தகை விட்டது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பண உதவி செய்தன. ஒரு தலைமுறைக்குள் காடு ஏறக்குறைய முழுவதும் குளங்களாகிவிட்டது. தென்கிழக்கு ஆசியாவில் 2000-க்கும் 2012-க்கும் இடையே ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி அழிந்ததையும், அதில் சுமார் 30 விழுக்காடு மீன், இறால் குளங்களால் என்பதையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு 2016-இல் காட்டியது.

தமிழ்நாட்டுக் கடலோரத்துக்குப் பெருமுதலீட்டு இறால் வளர்ப்பு 1990-களின் தொடக்கத்தில் வேகமாக வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வரி இறாலுக்கு நல்ல விலை. காவிரி நீர் ஒழுங்காக வராத கடைமடையில் ஒருபோகமே நிச்சயமில்லாத நிலத்துக்கு, நெல்லில் கனவிலும் காணாத விலை கொடுக்க நிறுவனங்கள் தயாராக இருந்தன. விற்ற விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நிலம் விற்றவருக்குப் பணம் வந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துக் கூலி வாங்கியவருக்கு எதுவும் வரவில்லை. பக்கத்து வயலில் உப்பு ஏறியது. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியில் வேலி முளைத்தது.

இதை எதிர்த்து நாகை வட்டாரத்தில் எழுந்த போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்கள் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும். பூதான இயக்கத்தில் வினோபாவுடன் நடந்தவர்கள். 1981-இல் ‘லாப்டி’ அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தவர்கள். வயல் உழைப்பவர் கைக்கு வர வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் பாடுபட்டவர்களின் கண்ணெதிரே வயல் உப்புக்குளமானது. அவர்கள் எழுப்பிய எதிர்ப்பு நிலவுரிமைப் போராட்டத்தின் தொடர்ச்சி. சுற்றுச்சூழல் வழக்காக மட்டும் அதைப் பின்னாளில் நினைவுகூர்வது அதன் பாதியைத்தான் சொல்லும்.

ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள பண்ணைகளை, மரபு முறையிலும் மேம்படுத்திய மரபு முறையிலும் நடப்பவை தவிர, 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். வேளாண் நிலம், உப்பளம், அலையாத்தி, சதுப்பு நிலம், காடு, ஊர்ப்பொது நிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது. கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடும் உண்டு. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் இந்த வழக்குக்காகக் கணக்கிட்டபோது, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் இறால் ஈட்டிய வருமானத்தைவிட அது உண்டாக்கிய சேதத்தின் மதிப்பு கூடுதல் என்று வந்தது. அந்தக் கணக்கின் உறுப்புகளோடு ஒருவர் வாதாடலாம். ஏற்றுமதி வருமானத்துக்கு எதிரே கிணற்றுநீரையும் கூலி இழப்பையும் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற முறையை மறுக்க முடியாது.

தீர்ப்பு நிலத்தில் இறங்கவில்லை. மறுசீராய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு நின்றது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன் 27-ஆம் பிரிவு, கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடைகள் கடலோர நீர்வாழ் வளர்ப்புக்குப் பொருந்தா என்று சொல்கிறது. அறிவிக்கை வெளியான 1991 பிப்ரவரி 19 முதலே அப்படி இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் சேர்க்கிறது. நீதிமன்றம் எந்த அறிவிக்கையை வைத்துப் பண்ணைகளை அகற்றச் சொன்னதோ, அதையே நாடாளுமன்றம் பின்தேதியிட்டு மாற்றியது. பதிலுக்குச் சில கட்டுப்பாடுகள் வந்தன. உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது; எல்லாப் பண்ணையும் பதிவு செய்ய வேண்டும்; பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு நெறிகள் அலையாத்தியையும் வேளாண் நிலத்தையும் குளமாக்கக் கூடாது என்றன. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய திருத்தம், விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டுப் பண அபராதத்தை வைத்தது. குஞ்சு பொரிப்பகம் போன்ற அமைப்புகளைக் கடலுக்கு இன்னும் அருகில் வைக்கவும் வழிசெய்தது.

சட்டத்தால் நிற்காத தொழிலை நோய் நிறுத்திப் பார்த்தது. கிழக்கு ஆசியாவில் தோன்றிய வெண்புள்ளி நோய் 1994, 95-இல் இந்தியக் கரைக்கு வந்து குளம் குளமாக வரி இறாலைக் கொன்றது. நோய் ஏன் அவ்வளவு விரைவாகப் பரவியது என்பதில் நம் கதைக்கு வேண்டிய விவரம் இருக்கிறது. ஒரே கழியில் ஒரு பண்ணை கழிவுநீரை விடுகிறது. சற்றுத் தள்ளி அடுத்த பண்ணை அதே நீரை இறைத்துக் குளத்தை நிரப்புகிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனமும் இறாலின் கழிவும் கிருமியும் குளம் மாறிப் பயணிக்கின்றன. கழியோர அலையாத்தி அந்தக் கழிவில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது. அதை இழந்த கழியில் பண்ணைக்குப் பண்ணையே பகை. அன்றைக்குத் தொழிலுக்கு வேண்டிய தாய் இறாலும் கடலிலிருந்து வந்ததுதான். கடலில் பிறந்த குஞ்சு கழிமுகத்துச் சேற்றிலும் வேர்களுக்கு இடையிலும் வளர்ந்துதான் கடலுக்குத் திரும்பிப் பெரிதாகிறது.

2009-இல் பசிபிக் வெள்ளை இறாலுக்கு அனுமதி கிடைத்தபின் காட்சி மாறியது. பண்ணைக்காரர்கள் வனாமி என்று சொல்லும் இந்த இனத்தை, நோயற்ற தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து தருவித்து வளர்க்கிறார்கள். சதுர மீட்டருக்கு அறுபது குஞ்சு வரை விட விதி அனுமதிக்கிறது. ஏரேட்டர் இரவும் பகலும் சுழல, நான்கு மாதத்துக்குள் அறுவடை. இன்று இந்தியா ஆண்டுக்கு ஏழு லட்சம் டன் அளவில் இறால் ஏற்றுமதி செய்கிறது. முதன்மைச் சந்தை அமெரிக்கா. இந்த வளர்ச்சியில் பெரிய நிறுவனம் மட்டும் இல்லை. பெரும்பாலான பண்ணைகள் ஓரிரு ஹெக்டேர் அளவே. ஓரிரு குளம் வைத்திருப்பவர் தீவனக் கடைக்கும் வியாபாரிக்கும் கடன்பட்டுத் தொழில் செய்கிறார். வனாமிப் பண்ணைக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று விதி சொல்கிறது. அதற்கு ஒரு குளத்தின் இடத்தையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டே குளம் வைத்திருப்பவரிடம் அதைத் தனியாக எதிர்பார்ப்பது பயன் தராது. ஒரு கழியைப் பயன்படுத்தும் எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவான சுத்திகரிப்புக் குளம், நீர் எடுக்கவும் விடவும் முறை என்று கழியை ஓர் அலகாக வைத்து விதி செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

குளங்கள் கைவிடப்படும்போது என்ன ஆகிறது என்பதை இலங்கையின் வடமேற்குக் கரையில் பார்க்கலாம். புத்தளம், முந்தல், சிலாபம் களப்புகளைச் சுற்றி 1980-களில் இறால் பண்ணைகள் பெருகின. அங்கும் பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயையும் களப்பையும் நீர் எடுக்கவும் விடவும் ஒருசேரப் பயன்படுத்தின. 1996-இல் வெண்புள்ளி வந்தது. அடுத்தடுத்த நோய்களில் பெரும்பாலான குளங்கள் கைவிடப்பட்டன. தொழில் போன இடத்தில் காடு திரும்பவில்லை. கரைகள் அப்படியே நின்றன. மழைநீர் தேங்கிய பள்ளங்களும் வெயிலில் வெடித்த களிமண்ணுமாக நிலம் எவருக்கும் பயன்படாமல் கிடந்தது. அலையாத்திச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. காற்றுப் படாமல் நீருக்குள் இருக்கும்வரை தீங்கில்லை. தோண்டிக் கரை போட்டுக் காயவிட்டால் அது காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. ஆசியாவின் பல இடங்களில் குளங்கள் சில ஆண்டுகளிலேயே விளைச்சல் இழந்ததற்கு நோயோடு இந்த அமிலமும் காரணம். அந்த மண்ணில் காடும் எளிதில் வராது.

அதே இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்தி நடவுக்குப் பணம் தாராளமாக வந்தது. நடவு நடந்த 23 இடங்களை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் முதல் 1,200 ஹெக்டேர் வரை நடப்பட்டிருந்தது. உயிரோடு இருந்தது 200 முதல் 220 ஹெக்டேர். ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட இல்லை. பொருந்தாத மட்டம், பொருந்தாத இனம், நட்டபின் கவனிப்பின்மை ஆகியவற்றை அவர்கள் காரணங்களாகக் கண்டார்கள். நட்டவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடு நட்டவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனாலேயே இந்த எண்கள் வலிக்கின்றன.

ஏன் பொருந்தாத இடத்தில் நடுகிறார்கள்? இதற்கு மிகத் தெளிவான விடை பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. யூர்கன் பிரிமவேரா என்ற அறிவியலாளர், வாழ்நாளின் பெரும்பகுதியை இறாலுக்கும் அலையாத்திக்கும் கொடுத்தவர். 2008-இல் சக ஆய்வாளரோடு சேர்ந்து, பல பத்தாண்டு நடவுத் திட்டங்களை மதிப்பிட்டார். கோடிக்கணக்கில் செலவழித்தும் நீண்டகாலத்தில் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான். நடவுகள் கடலோரத்து வெற்றுச் சேற்றுத் திட்டுகளிலும் கடற்புல் படுகைகளிலும் நடந்திருந்தன. அலையாத்தி இயற்கையில் அங்கே வளராது. இயற்கை முதலில் கொண்டுவரும் வெண்கண்டல் வகைகளை விட்டுவிட்டு, முளை நீளமாக, கையில் எடுத்து நட எளிதாக இருக்கும் சுரபுன்னை வகையைத் தேர்ந்திருந்தார்கள். வளர ஏற்ற நடுமட்ட, மேல்மட்ட நிலம் முழுவதும் மீன், இறால் குளங்களாக இருந்தது. குளத்துக்குச் சொந்தக்காரரோ குத்தகைக்காரரோ உண்டு. சேற்றுத் திட்டுக்கு யாரும் இல்லை. சண்டை வராத இடத்தில் நட்டார்கள். இத்தனைக்கும் கைவிடப்பட்ட குளங்களை மீண்டும் காடாக மாற்ற அந்த நாட்டுச் சட்டம் இடம் தந்திருந்தது. பிரிமவேரா கேட்டது அதை நிறைவேற்றும்படிதான்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் பல ஆண்டுகள் ஒரே முறையை வலியுறுத்தி வந்தார்: முதலில் அந்த இடத்தில் காடு ஏன் தானே திரும்பவில்லை என்று கண்டுபிடி, தடையை அகற்று, ஓதத்தின் மட்டத்தைச் சரிசெய், விதை தானாக வந்து சேராவிட்டால் மட்டும் நடு. இந்தோனேசியாவின் சுலாவேசியில் கைவிடப்பட்ட குளங்களின் கரைகளைக் குறிப்பிட்ட இடங்களில் உடைத்து, பழைய ஓடைகளைத் திறந்துவிட்டபோது, மிதந்து வந்த விதைகளிலிருந்தே பலவகை மரங்கள் முளைத்தன. பிச்சாவரத்து மீன்முள் வாய்க்காலும் இந்தச் சிந்தனையின் குடும்பம்தான், ஒரு குறையோடு. வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துபோகின்றன. தூர்வாரும் பணம் நின்றால் நீரும் நிற்கிறது. நட்டவை பெரும்பாலும் வெண்கண்டல் என்ற ஒரே இனம் என்பதும் உண்மை. எனினும் மண்ணை அளந்துவிட்டு வேலையைத் தொடங்கியதில் அது பின்னால் வந்த பல நடவுத் திட்டங்களைவிட முன்னே நிற்கிறது. ஊர்க்குழுவும் வனத்துறையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அது கொண்டுவந்தது. கழியில் வலையின்றிக் கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்த இருளர்கள் அதில் இடம்பெற்றது சிறிய விஷயம் அல்ல.

அலையாத்தியின் பயனைச் சொல்லும்போது நாம் சுனாமியை முன்னே நிறுத்துகிறோம். இதில் எச்சரிக்கை வேண்டும். கடலூர்க் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகச் சேதமடைந்தன என்ற ஆய்வு 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பறங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் அதே ஆண்டில் அதை ஒட்டிய முடிவை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் பறங்கிப்பேட்டைத் தரவுகளைத் திரும்பக் கணக்கிட்டு, ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே பெரும்பகுதி வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். புயலைப் பொறுத்தவரை சான்று இதைவிட வலுவானது. 1999 ஒடிசா பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்ட ஊர்களை ஆராய்ந்தவர்கள், ஊருக்கும் கடலுக்கும் நடுவே அலையாத்திப் பட்டை அகலமாக இருந்த இடங்களில் சாவு குறைவு என்று பிற காரணிகளைக் கழித்தபின்னும் கண்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைக் கடுமையாக முறித்தது. காடு ஊரைக் காக்கும். ஆனால் அடுத்தடுத்த அடியைத் தாங்க அதற்கு அகலமும் ஆரோக்கியமும் வேண்டும். காட்டை மிகைப்படுத்திப் புகழ்ந்தால், அடுத்த சேதத்தில் அது தோற்றதாகத் தெரியும். அப்போது காட்டின் பக்கம் பேச ஆளிருக்காது.

மண்ணில் தங்கிய கரிமத்தின் கணக்கு இன்னும் உறுதியானது. இந்தோ-பசிபிக் பகுதியின் அலையாத்திகளை அளந்த 2011 ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரி ஆயிரம் டன்னுக்கு மேல் கரிமம் இருப்பதையும், அதன் பெரும்பகுதி மரத்தில் அல்ல, சேற்றில் இருப்பதையும் காட்டியது. அந்தச் சேறு நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது. குளம் வெட்டும்போது ஒரு கோடையில் அது கிளறப்படுகிறது. பின்னர் நடும் நாற்று அந்த இழப்பை நம் காலத்தில் ஈடுசெய்யாது. இருக்கும் காட்டைக் காப்பதும் புதிதாக நடுவதும் சமம் என்று கணக்கெழுதுவது இந்த ஒரு காரணத்தாலேயே தவறாகிவிடும்.

இறால் குளத்தை மட்டும் குற்றவாளியாக்குவதும் சரியாகாது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஆற்றுநீர் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. காவிரி கடைமடைக்கு வரும் நாட்கள் சுருங்கச் சுருங்கக் கழிமுகத்தில் உப்பு ஏறுகிறது. நன்னீர் விரும்பும் இனங்கள் மறைந்து வெண்கண்டலின் ஆட்சி பரவுகிறது. கடைமடை வயல் தரிசானதற்கும் அதே நீரின்மைதான் காரணம். தரிசான வயல்தான் குளமானது. மேட்டூரிலிருந்து திறக்கும் நீரைப் பற்றிய பேச்சில் நெல்லுக்கு இடமுண்டு. கழிமுகத்துக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று பேசுபவர் அரிது.

இப்போது நடவுக்கு மீண்டும் பெரும் பணம் வருகிறது. 2023 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘மிஷ்டி’ திட்டம் ஒன்பது மாநிலங்களிலும் நான்கு ஒன்றியப் பகுதிகளிலும் 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்தியை வளர்ப்பதை இலக்காகக் கொண்டது. தமிழக அரசும் தன் பங்குக்குக் கடலோர மீட்புப் பணிகளை நடத்துகிறது. இந்த இலக்குகள் பரப்பளவில் சொல்லப்படுகின்றன. பரப்பளவு வேண்டுமென்றால் இடம் தேட வேண்டும். வனத்துறைக்கு எளிதில் கிடைக்கும் இடம் அதன் கையிலேயே உள்ள காப்புக்காட்டுத் திடல்களும், எவரும் உரிமை கோராத சேற்றுத் திட்டுகளும். அந்தத் திட்டுகளில் வலசைப் பறவைகள் இரை தேடுகின்றன. நண்டும் மட்டியும் எடுத்துப் பெண்கள் பிழைக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் பிழையை இங்கே திரும்பச் செய்ய எல்லாச் சூழலும் அமைந்திருக்கிறது.

அதைத் தவிர்க்கத் தேவையான ஆவணங்கள் பெரும்பாலும் அரசிடமே இருக்க வேண்டியவை. பண்ணைப் பதிவு சென்னையில் தலைமையகம் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம். நிலத்தின் வகைப்பாடு, பட்டாவா புறம்போக்கா என்பது, வருவாய்த்துறையிடம். காட்டின் எல்லை வனத்துறையிடம். பழைய ஓடைகளும் வடிகால்களும் பொதுப்பணித்துறையின் பழைய வரைபடங்களில். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை பதிவு காலாவதியான குளங்கள், பதிவே இல்லாத குளங்கள், புறம்போக்கில் நிற்கும் கரைகள் எவை என்று புல எண்ணோடு சொல்ல முடியும். புறம்போக்கில் உள்ளவற்றின் கரையை உடைக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. பட்டா நிலத்தில் கைவிடப்பட்டவற்றுக்கு விலையோ நீண்டகால வாடகையோ கொடுக்க நேரும். 2023 திருத்தத்துக்குப் பின் வசூலாகும் அபராதத்தை அதற்கென ஒதுக்கக் கேட்கலாம். புதிதாகப் பதிவு செய்பவரிடம், தொழிலை விட்டுப் போகும் நாளில் கரையை உடைத்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவதற்கான வைப்புத்தொகையை இப்போதே வாங்கலாம். கெடுத்தவர் சீர்செய்ய வேண்டும் என்ற 1996 தீர்ப்பின் கொள்கைக்கு அது நேரடியாகப் பொருந்தும். எந்தக் கரையை எங்கே உடைத்தால் ஓதம் ஏறும், மழைநீர் எந்த வழியாக வடிந்தது என்பது கிள்ளையிலும் முத்துப்பேட்டையிலும் கழிக்குள் அன்றாடம் இறங்கும் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் தெரியும். ‘மிஷ்டி’யின் அடுத்த இடத்தேர்வுக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும், மேசையில் நாற்றுப்பண்ணைக் கணக்கோடு குளங்களின் புல எண் பட்டியலும் இருக்க வேண்டும்.